குழந்தைக்கு ரோட்டா, ஆட்டுக்கு நீலநாக்கு: ஒரே குடும்பத்து வைரஸ் என்றால் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலத்தில் இருக்கும் ஓர் அம்மா. ஒன்பது மாதக் குழந்தைக்கு வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் பேதி. மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள். மலப் பரிசோதனையில் ரோட்டா வைரஸ் என்று வந்திருக்கிறது. அதே வாரம் மேச்சேரிப் பக்கம் மாமனாரின் பட்டியில் நாலைந்து செம்மறிகளுக்கு வாய் வீங்கி, எச்சில் ஒழுகி, கால் நொண்ட ஆரம்பித்திருக்கிறது. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் ‘நீலநாக்கு நோய்’ என்று சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் ‘குழந்தைக்கு வந்த ரோட்டாவும் இதுவும் ஒரே குடும்பத்து வைரஸ்தான்’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். குழந்தை அதற்கு முந்தின வாரம் தாத்தா வீட்டில்தான் இருந்திருக்கிறது. ஆட்டிடமிருந்துதான் வந்ததா? மூன்று தவணையும் சொட்டு மருந்து கொடுத்தும் ஏன் வந்தது? கறி சாப்பிடலாமா? மிச்ச ஆடுகளைச் சந்தையில் தள்ளிவிடலாமா?

முதல் கேள்விக்கு நேரான பதில்: இல்லை. நீலநாக்கு வைரஸ் மனிதருக்கு நோய் தருவதில்லை. குழந்தை ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்து விளையாடியிருந்தாலும், மாமனார் ஆட்டின் வாயைக் கழுவிய கையோடு குழந்தையைத் தூக்கியிருந்தாலும் (அந்தப் பழக்கம் நல்லதல்ல, அது வேறு விஷயம்) ரோட்டா அப்படி வராது. குழந்தைகளைப் பிடிக்கும் ரோட்டா பெரும்பாலும் இன்னொரு குழந்தையிடமிருந்தோ, அறிகுறி இல்லாமல் வைரஸைச் சுமக்கும் பெரியவரிடமிருந்தோ, மலம் பட்ட கை வழியாக வாய்க்குப் போய்ச் சேருகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததற்குக் காரணம் பருவம். ரோட்டா நம் பக்கம் ஆண்டு முழுக்க இருந்தாலும் குளிர் மாதங்களில் கொஞ்சம் தலைதூக்கும். நீலநாக்கு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னால், ஈரமான சாணத்திலும் சேற்றிலும் கொட்டுப்பூச்சி பெருகும் நேரத்தில் கிளம்பும். ஐப்பசியிலிருந்து மார்கழி, தை வரை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுவது சேலம் மாவட்டத்தில் அதிசயமே இல்லை.

ஆனால் மருத்துவர் சொன்னது தப்பு என்றும் நினைக்காதீர்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. ‘குடும்பம்’ என்பதை நாம் நோயை வைத்துப் புரிந்துகொள்கிறோம், வைரஸ் ஆராய்ச்சியாளர்கள் வைரஸின் உள்ளமைப்பை வைத்துச் சொல்கிறார்கள். இவை பங்காளிகள் மாதிரி. குலதெய்வம் ஒன்று, ஆனால் அடுப்பு தனித்தனி, தொழில் தனித்தனி, ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழைவதுகூட இல்லை.

இந்த வைரஸ்களை ‘ரியோ வைரஸ்’ என்று முதலில் தனிக் கூட்டமாகப் பிரித்தவர் ஆல்பர்ட் சேபின், 1959இல். போலியோ சொட்டு மருந்தைத் தந்த அதே சேபின்தான். அப்புறம் கூட்டம் பெருகிப் பெருகி, மனிதர், கால்நடை, கோழி, மீன், பட்டுப்புழு, நெல், பூஞ்சை என்று எல்லா இடத்திலும் சொந்தக்காரர்கள் கிடைத்தார்கள். நீண்ட காலம் எல்லாம் ‘ரியோவிரிடே’ என்ற ஒரே குடும்பத்தில் இருந்தன. 2022இல் அந்தக் குடும்பத்தைக் கலைத்து, ஒரே வரிசைக்குள் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துவிட்டார்கள். உள்கூட்டின் மேல் கோபுரம் போல முனைகள் துருத்திக்கொண்டிருப்பவை ஸ்பைனாரியோவிரிடே. அப்படி இல்லாமல் வழுவழுவென்று இருப்பவை செடோரியோவிரிடே. ரோட்டாவும் நீலநாக்கும் இரண்டாவதில் சேர்ந்தே இருக்கின்றன. பாகப்பிரிவினைக்குப் பிறகும் உங்கள் மருத்துவர் சொன்னது செல்லும்.

சரி, உள்ளே என்ன ஒற்றுமை? இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீங்கள் கேட்ட சொட்டு மருந்து எங்கிருந்து வந்தது என்ற கதையும் இதற்குள்தான் தொடங்குகிறது.

நம் உடல் செல்லுக்குள் ஆர்.என்.ஏ. சாதாரணமாக ஒற்றை இழையாக இருக்கும். நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. கண்ணில் பட்டால் செல் அதை வைரஸ் நுழைந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, உடனே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் உஷார்படுத்தும். இந்தக் குடும்பத்து வைரஸ்களின் மரபுப்பொருளோ முழுக்க இரட்டை இழை ஆர்.என்.ஏ. நுழைந்த நிமிடமே மாட்டிக்கொள்ள வேண்டியவை. ஆனால் அவை அந்த இரட்டை இழையை வெளியே எடுப்பதே இல்லை. இரண்டு மூன்று அடுக்குப் புரதக் கூட்டில் வெளி அடுக்கை மட்டும் கழற்றிவிட்டு, உள்கூடு அப்படியே செல்லுக்குள் இறங்குகிறது. இரட்டை இழை அந்த உள்கூட்டுக்குள்ளேயே பூட்டிக் கிடக்க, நகல் எடுக்கும் நொதியும் உள்ளேயே இருந்து வேலை செய்கிறது. கூட்டுக்குப் பன்னிரண்டு முனைகள். அந்த முனைகளின் துளை வழியாக ஒற்றை இழை நகல்கள் மட்டும் நூல் மாதிரி வெளியே வருகின்றன. செல் பார்ப்பது ஒற்றை இழையைத்தான், அதனால் தன்னுடையது என்று நினைத்துப் புரதம் செய்து கொடுக்கிறது. நீலநாக்கு வைரஸின் இந்த உள்கூட்டை ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 1998இல் எக்ஸ்-கதிரால் அணு அணுவாக வரைந்து காட்டினார்கள். அதுவரை அவ்வளவு பெரிய உயிர் அமைப்பு எதையும் அத்தனை நுணுக்கமாக யாரும் பார்த்ததில்லை. ஆட்டு நோய்க்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது எனக்கு இன்றும் சந்தோஷம்.

இன்னொரு ஒற்றுமை, மரபுப்பொருள் ஒரே நீளத் துண்டாக இல்லாமல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தனித்தனித் துண்டுகளாக இருப்பது. நீலநாக்குக்குப் பத்து, ரோட்டாவுக்குப் பதினொன்று. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குழந்தையின் மலத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, மெல்லிய ஜெல்லில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் பெரிய துண்டு மேலேயும் சின்னத் துண்டு கீழேயும் ஓடி நிற்கும். அப்புறம் சில்வர் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் மஞ்சள் பின்னணியில் பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். மேலே நான்கு, கொஞ்சம் இடம் விட்டு இரண்டு, அடுத்து நெருக்கமாக மூன்று, கடைசியில் இரண்டு. இந்த நாலு-ரெண்டு-மூணு-ரெண்டு வரிசையைப் பார்த்தால் ‘ஏ’ வகை ரோட்டா, குழந்தைகளைப் பிடிக்கும் வகை. இன்று எலைசா, பி.சி.ஆர். எல்லாம் வந்துவிட்டன, மருத்துவமனையில் யாரும் இதைச் செய்வதில்லை. மாணவர்களுக்கு மட்டும் நான் விடாமல் காட்டுவேன். கொலுசுக்கு வெள்ளி உருக்கும் ஊரில் இருந்துகொண்டு வெள்ளியால் வைரஸைக் காட்டாமல் விடுவதா?

துண்டு துண்டாக இருப்பதில் என்ன வில்லங்கம் என்றால், ஒரே செல்லுக்குள் இரண்டு விதமான ரோட்டா ஒரே நேரத்தில் நுழைந்தால் துண்டுகள் கலந்துவிடும். இதிலிருந்து ஏழு, அதிலிருந்து நாலு என்று சேர்ந்து மூன்றாவது வைரஸ் ஒன்று வெளியே வரும். நீலநாக்கிலும் இதே கூத்துதான். உலகில் அறியப்பட்ட நீலநாக்கு வகைகள் 24க்கும் மேல். ஒரு வகைக்கு உண்டான எதிர்ப்பு இன்னொன்றிடம் சரியாகப் பலிப்பதில்லை. ரோட்டாவிலும் வெளிக்கூட்டின் இரண்டு புரதங்களை வைத்து ஜி என்றும் பி என்றும் வகை பிரிக்கிறார்கள், சேர்க்கைகள் ஏராளம்.

நடுவில் ஒரு சின்ன விலகல், சேலத்துக்காரர்களுக்கு மட்டும். இதே வரிசையின் இன்னொரு கிளையில் சைப்போ வைரஸ் என்று ஒன்று பட்டுப்புழுவைப் பிடிக்கும். புழு தின்னாமல் சோம்பிக் கிடக்கும், வளர்ச்சி ஒன்றுபோல் இல்லாமல் சிறிசும் பெரிசுமாக நிற்கும். அறுத்துப் பார்த்தால் நடுக்குடல் பச்சையாக இல்லாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். (பால்புழு நோய் என்று பட்டு வளர்ப்போர் சொல்வது இது இல்லை. அது டி.என்.ஏ. வைரஸால் வருவது.) 1974, 75 வாக்கில் ஜப்பானியர்களான ஃபுருயிச்சியும் மியூராவும் இந்தப் பட்டுப்புழு வைரஸ் வெளியே தள்ளும் ஆர்.என்.ஏ. நகலின் முனையில் ஒரு விசித்திரமான வேதித் தொப்பி இருப்பதைக் கண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஷாட்கின் குழு மனித ரியோ வைரஸிலும் அதையே பார்த்தது. அப்புறம்தான் தெரிந்தது, நம் செல்லின் எம்.ஆர்.என்.ஏ.வுக்கும் அதே தொப்பிதான், அது இல்லாவிட்டால் செல் அதைச் சரியாகப் படிக்காது. கோவிட் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளின் முனையிலும் அந்தத் தொப்பியைச் செய்து மாட்டித்தான் அனுப்பினார்கள். தமிழ்நாட்டின் பட்டு வளர்ச்சித் துறை இயக்ககம் இருப்பதே நம் சேலத்தில். அந்தப் பக்கம் போகும்போது நினைத்துக்கொள்ளலாம்.

இனி ரோட்டாவுக்கு வருவோம். 1973இல் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் உடன் வேலை செய்தவர்களும், பேதியால் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த துணுக்கை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது சக்கரம் சக்கரமாகத் தெரிந்தது இந்த வைரஸ். அதுவரை குழந்தைகளின் கடும் பேதியில் பெரும்பகுதிக்குக் காரணம் என்னவென்றே தெரியாது. குடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களைத்தான் இது பிடிக்கும். உறிஞ்சும் வேலையைச் செய்வது அந்தச் செல்கள்தான், அவை உதிர்ந்துபோனால் தண்ணீர் உள்ளே போகாது. போதாததற்கு வைரஸின் ஒரு புரதமே நஞ்சு மாதிரி வேலை செய்து குடலைத் தண்ணீர் சுரக்க வைக்கிறது. அதனால்தான் முதல் நாளே அவ்வளவு வேகமாகக் குழந்தை வாடிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலை இல்லை. பேதியைக் ‘கட்டும்’ மாத்திரை கைக்குழந்தைக்கு ஆபத்து.

ஆனால் எல்லாச் செல்லும் சாவதில்லை. மிச்சமிருக்கும் செல்கள் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்தே உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இந்த ஒரு கதவை நம்பித்தான். 1971இல் வங்க எல்லையில் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலநபிஸ் டிரம்மில் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கலக்கி வாய்வழியாகக் கொடுக்கச் சொன்னார். இறப்பு சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கிருமி காலராவோ ரோட்டாவோ, குடலின் அந்தக் கதவு ஒன்றுதான். ஆனால் அளவு முக்கியம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கண்ணளவில் கொஞ்சம் பொடியைத் தம்ளரில் தட்டிக் கரைப்பது கூடாது. சர்க்கரை கூடினால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். கடையில் ஓ.ஆர்.எஸ். போல அட்டை டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்களில் வரும் சிக்கலும் இதுதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை தினம் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள் பலர், முழுதாகக் கொடுப்பது நல்லது. நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சி தாராளமாகக் கொடுக்கலாம், வயிற்றுக்கு இதமானது, ஆனால் அது சாப்பாடுதான். ஓ.ஆர்.எஸ்.க்கு மாற்று இல்லை. குழந்தை துவண்டு கிடந்தால், கண் குழி விழுந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனை.

தடுப்பு மருந்து கொடுத்தும் ஏன் வந்தது என்கிறீர்கள். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் கொடுத்தார்களே, அந்தச் சொட்டு மருந்தைப் பற்றிப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள், அல்லது யாரும் அவர்களுக்குச் சரியாகச் சொல்வதில்லை. அது ரோட்டாவே வராமல் தடுக்கும் மருந்து அல்ல. உயிர்க்கு ஆபத்தான கடும் ரோட்டா பேதியைக் குறைக்கும் மருந்து. இந்தியாவில் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ‘ரோட்டாவாக்’ என்ற சொட்டு மருந்து கடும் பேதியைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. ஐரோப்பாவில் இதே வகைச் சொட்டு மருந்துகள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. நம் பக்கம் குறைவதற்குப் பல காரணங்கள்: சின்ன வயதிலேயே குடலில் மற்ற கிருமிகள் குடியேறியிருப்பது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மருந்து வைரஸையே அடக்கிவிடுவது, இப்படி. மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை, உண்மையான ரோட்டா வந்து போனாலும் நம் குழந்தைகளுக்கு முழு எதிர்ப்பு வருவதில்லை. வேலூரில் பிறந்தது முதல் மூன்று ஆண்டு பின்தொடரப்பட்ட 373 குழந்தைகளின் ஆய்வு 2011இல் வெளியானது. மெக்ஸிகோவில் நடந்த இதே மாதிரி ஆய்வில் ரோட்டா இரண்டு முறை வந்தாலே கடும் பேதியிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்தது. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் 79 சதவீதம்தான். அந்த ஒப்பீட்டைப் படித்த பிறகு எனக்குச் சொட்டு மருந்தின் மேல் மதிப்பு கூடித்தான் போனது. இயற்கையே தடுமாறும் இடத்தில் அது பாதியைத் தடுக்கிறது. 2013இல் உலகம் முழுக்க ரோட்டாவால் இறந்த குழந்தைகள் சுமார் 2,15,000 என்று உலக சுகாதார நிறுவனம் கணித்தது, அதில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இந்தியாவில். அந்த எண்ணிக்கையில் ‘பாதி’ என்பது எவ்வளவு என்று யோசியுங்கள். உங்கள் குழந்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மருந்து இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கலாம்.

துண்டுகள் கலப்பதைப் பற்றிச் சொன்னேனே, ரோட்டாவாக்கின் பின்னணியே அதுதான். 1980களில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளின் வார்டில் ரோட்டா இருந்தும் குழந்தைகளுக்குப் பேதியே வராததை மகாராஜ் கிஷன் பானும் அவர் குழுவினரும் கவனித்தார்கள். அந்த வைரஸை ஆராய்ந்தால், உடம்பெல்லாம் மனித ரோட்டா, ஒரு துண்டு மட்டும் மாட்டு ரோட்டாவிலிருந்து வந்தது. எந்தக் காலத்திலோ எங்கோ ஒரு குடலில் இரண்டும் சந்தித்திருக்கின்றன. அதை வளர்த்துத்தான் 116ஈ என்ற மருந்து வைரஸ் ஆனது. 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இன்னொரு மருந்தான ‘ரோட்டாசில்’ மாட்டு ரோட்டாவில் மனித ரோட்டாவின் துண்டை வேண்டுமென்றே கலந்து செய்தது.

ஆக, ‘விலங்கு ரோட்டா மனிதருக்கு வரவே வராதா?’ என்று நீங்கள் மடக்கிக் கேட்டால், அவ்வப்போது கலக்கும் என்பதே நேர்மையான பதில். கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அவற்றுக்கே உரிய ரோட்டா உண்டு, பிறந்த சில நாளில் வரும் கழிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உங்கள் மாமனார் பட்டியில் இருப்பது ரோட்டா அல்ல, நீலநாக்கு. அது துண்டு கலந்தால் இன்னொரு நீலநாக்கோடுதான் கலக்கும்.

ரோட்டா இவ்வளவு எளிதாகப் பரவுவதற்கு அதன் கூடும் ஒரு காரணம். கொரோனாவுக்கு இருந்ததுபோல் வெளியே கொழுப்புப் போர்வை இதற்குக் கிடையாது. சோப்பு கரைத்து உடைக்க அங்கே எதுவும் இல்லை. கை கழுவும்போது வைரஸ் சாவதில்லை, தேய்த்த தேய்ப்பிலும் ஓடும் தண்ணீரிலும் அடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். அதனால் நுனி விரலை நனைத்துவிட்டு வருவது கணக்கில் சேராது. நோயாளிக் குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி வைரஸுக்கு மேல் இருக்கலாம். தொற்ற நூறுக்கும் குறைவாகப் போதும். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை இருந்தால் டயப்பர் மாற்றுகிறவர்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். விளையாட்டுப் பொருளில் வைரஸ் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், பிளீச்சிங் கரைசலில் துடைத்துக் கழுவி வையுங்கள்.

இப்போது பட்டிக்குப் போவோம். நீலநாக்கு ஆட்டுக்கு ஆடு தொட்டு ஒட்டுவதில்லை. குலிகாய்டஸ் என்ற, கொசுவிலும் பல மடங்கு சிறிய கொட்டுப்பூச்சி வழியாகப் பரவும். சாதாரணக் கொசுவலையின் ஓட்டைக்குள் நுழைந்துவிடும் அளவுதான் இருக்கும். நோயுள்ள பிராணியின் ரத்தம் குடித்த பூச்சிக்குள் வைரஸ் பெருகி எச்சிலுக்கு வர பத்து நாள் போல ஆகும், அதற்கப்புறம் கடிக்கும் ஒவ்வொரு கடியும் ஊசி போடுவதுதான். 1944இல் தென்னாப்பிரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கம்பளிக்காக இறக்கிய ஐரோப்பிய ஆடுகள் கூட்டமாகச் செத்ததால்தான் இந்த நோயே முதலில் எழுத்தில் பதிவானது. இந்தியாவில் 1964இல் மகாராஷ்டிரத்தில் பதிவு, தமிழ்நாட்டில் 1997-98இல் பெரிய அளவில் அடித்தது. வெளிநாடுகளில் ‘நாட்டு ஆட்டுக்கு லேசாக வந்து போகும்’ என்று எழுதுவார்கள். தென்னிந்தியாவில் அந்தக் கணக்கு செல்லாது. நம் நாட்டுச் செம்மறிகளே கடுமையாக நோய்ப்படுகின்றன, மேச்சேரி ஆடும் விலக்கல்ல.

வைரஸ் பிடிப்பது ரத்தக்குழாயின் உள்சுவரை. அங்கே கசிவு ஏற்பட்டால் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் வீக்கம். முதலில் 105, 106 டிகிரி காய்ச்சல், உதடும் முகமும் உப்பும், நுரையோடு எச்சில், மூக்குச்சளி காய்ந்து பொருக்கு. நாக்கு வீங்கும், சிலவற்றில்தான் நீலம் பாரிக்கும். நாக்கு நீலமாக இல்லை, அதனால் நீலநாக்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது காலை. ஆட்டைப் படுக்கவைத்து, குளம்பு தொடங்கும் இடத்தில் மயிரை விலக்கிப் பாருங்கள். தோலும் குளம்பும் சேரும் அந்த வளையத்தில் சிவந்த, சில சமயம் கருஞ்சிவப்பான ஒரு பட்டை ஓடும், அழுத்தினால் ஆடு காலை உதறும். மேச்சேரி ஆட்டின் செம்பழுப்பு மயிரில் இது சட்டென்று தெரியாது, விலக்கித்தான் பார்க்க வேண்டும். வலி தாங்காமல் சில ஆடுகள் முன்முட்டியில் நடக்கும். இதோடு குழம்பும் மற்ற ஆட்டு நோய்கள் வேறு மாதிரி. கோமாரியில் புண் குளம்பின் இடுக்கில் கொப்புளமாகக் கிளம்பும், மாட்டுக்கும் பன்றிக்கும் சேர்த்துப் பரவும். ஆட்டுக்கொல்லியில் பேதியும் நெஞ்சுச்சளியும் முன்னால் வரும், வெள்ளாட்டைக் கடுமையாகத் தாக்கும். நீலநாக்கு வெள்ளாட்டில் பெரும்பாலும் லேசானது. துள்ளுமாரியில் ஆடு திடீரென்று விழுந்து செத்துவிடும், வாய் வீக்கத்துக்கே நேரம் இருக்காது. சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து அனுப்பி உறுதிப்படுத்திக்கொள்ளலாம். தலைவாசல் கூட்டுரோட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நம் மாவட்டத்தில் ஆலோசனை கேட்க இன்னும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. நோய்ப்பட்ட ஆட்டை வெயிலில் விடாதீர்கள், நிழலில் கட்டுங்கள், வெயில் பட்டால் தோல் புண் கூடும். வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கழுவி போரோ கிளிசரின் தடவலாம். வாய்ப்புண்ணோடு கருவேலங்காயை எப்படி மெல்லும்? கம்பங்கூழோ அரிசிக் கஞ்சியோ கரைத்துக் குடிக்க விடுங்கள். பெரும்பாலான ஆடுகள் நோயால் சாவதைவிடத் தின்ன முடியாமல் மெலிந்துதான் சாகின்றன. ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பின்னால் சேரும் நிமோனியாவுக்கும் புண்ணுக்கும் அது உதவும். மிச்ச ஆடுகளைப் பொழுது சாய்வதற்கு முன்பே மேட்டுப் பாங்கான, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், இந்தப் பூச்சி சாயங்காலத்திலிருந்து விடியும் வரைதான் அதிகம் கடிக்கும். பட்டியைச் சுற்றிச் சாணக்குழியும் தேங்கிய சேறும் இருந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள். வேப்பிலை, நொச்சிப் புகை போடுவது நல்ல பழக்கம், அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். பக்கத்தில் மாடு இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். மாட்டுக்கு அறிகுறியே தெரியாது, ஆனால் அதன் ரத்தத்தில் வைரஸ் வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மாதம் வரைகூட இருக்கும். பூச்சிக்கு அதுதான் சேமிப்புக் கிடங்கு.

தடுப்பூசி உண்டு. இந்தியாவில் அடிக்கடி வரும் ஐந்து வகைகளை, 1, 2, 10, 16, 23, சேர்த்துச் செய்த செயலிழக்கச் செய்த ஊசி. வகை நிறைய என்பதால்தான் ஐந்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாசிக்குள் போட்டால்தான் பயன். நோய் வந்த பிறகு ஓடிப் போய்ப் போடுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மேச்சேரி ஆடுகளுக்கென்றே பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்கள் மாமனார் வீட்டுக்குப் பக்கம்தான். எப்போது, எந்த வயதில் போடுவது என்று அங்கேயே கேட்கலாம்.

மற்ற சொந்தக்காரர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குதிரைகளைப் பிடிக்கும் ஆப்பிரிக்கக் குதிரை நோய் நீலநாக்கின் நெருங்கிய உறவு, 1960 வாக்கில் இந்தியாவரை வந்தது. அமெரிக்க மலைகளில் உண்ணி கடித்து வரும் கொலராடோ காய்ச்சல் இன்னொன்று, நமக்குக் கவலை இல்லை. பிராய்லர் கோழியின் கால் தசைநாண் வீங்கி நொண்டுவது ஒரு ரியோ வைரஸால். ஆனால் நாமக்கல் பண்ணைகளில் எல்லோரும் பயப்படும் கம்போரோ என்ற கோழி நோயின் வைரஸ் இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்றாலும் இந்தக் குடும்பம் இல்லை, துண்டு இரண்டே இரண்டு. புல்கெண்டை மீனை ரத்தக்கசிவில் கொல்லும் வைரஸ் சீனக் குளங்களில் பெரிய தலைவலி. நெல்லில் புகையான் பூச்சி சாறு உறிஞ்சுவதோடு நில்லாமல் பயிரைக் குட்டையாக்கும் வைரஸ் ஒன்றையும் பரப்பும், அதுவும் இவர்களில் ஒருவர்.

கடைசியாகக் கறியும் சந்தையும். நோய் வந்து தேறிய ஆட்டின் கறியால் மனிதருக்கு நீலநாக்கு வராது. காய்ச்சலில் கிடக்கும் ஆட்டை அறுத்துச் சாப்பிடுவது எந்த நோயிலும் சரியில்லை, மருந்து போட்டிருந்தால் அந்த மருந்து உடலில் இருக்கும் காலமும் கழிய வேண்டும். தோலை மட்டும் உரித்து விற்கலாம் என்று யாராவது சொன்னால், இறந்த ஆட்டை முதலில் மருத்துவர் பார்க்கட்டும், அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால் உரிப்பதே ஆபத்து. மேச்சேரி சந்தைக்கோ வீரகனூருக்கோ மிச்ச ஆடுகளை ஓட்டிப் போவதுதான் நீங்கள் செய்யக்கூடாத காரியம். பார்க்க நன்றாக இருக்கும் ஆட்டின் ரத்தத்திலும் வைரஸ் இருக்கலாம். சந்தைத் திடலின் பூச்சி அதைக் கடித்தால், வாங்கிப் போகிறவரின் ஊருக்கு மட்டுமல்ல, அன்று சந்தைக்கு வந்த எல்லா ஊருக்கும் போகும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தில் நீலநாக்கும் பட்டியலில் இருக்கிறது, தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லலாம், ஆட்டை ஓட்டிப் போக முடியாவிட்டால் 1962 எண்ணுக்கு அழைத்தால் வண்டி பட்டிக்கே வரும். கடைசி ஆடு தேறி, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை விற்பனையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பொங்கல் விலை போய்விடுமே என்று மாமனார் முணுமுணுப்பார்தான்.